கொம்பு ஓணானுக்கு ஒரு பலகை

எங்கள் தொழிலில் ஒரு கேவலமான வழக்கம் இருக்கிறது. ஓர் உயிரினத்தை ‘அருகிய இனம்’ என்ற நிலையிலிருந்து ‘மிக அருகிய இனம்’ என்ற நிலைக்கு மாற்றினால், அதற்காக உழைத்தவருக்குக் கைகொடுப்போம். அந்தப் பிராணி சாகக் கிடக்கிறது என்று நிரூபித்ததற்கான பாராட்டு அது. இந்த வருடம் எனக்கும் கைகொடுத்தார்கள். ரோல்ஸும் பிளேன்டீயும் வந்தன. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன்.

என் பிராணி மலைநாட்டு ஓணான். மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு சின்னக் கொம்பு இருக்கும். கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் மதிலில் ஏறும் ஓணான், ஆள் அரவம் கேட்டாலே ஓட்டம் பிடிக்கும். இது ஓடாது. யாரும் தன்னைக் காணவில்லை என்ற நம்பிக்கையில், பாசி பிடித்த கொப்பில் அப்படியே இருக்கும். எனக்குக் கோபம்கூட வரும். ஓடித் தொலையேன் என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன். எங்கே ஓடுவது? சுற்றிவர லீக்ஸும் கரட்டும் விளையும் மரக்கறித் தோட்டங்கள். நான் போய்த் தேடிய காட்டுத் துண்டுகளில் ஒவ்வொன்றாக அது காணாமல் போய், கடைசியில் ரோட்டோரத் துண்டு ஒன்றுதான் மிஞ்சியது.

நிலை மாறியதால் அந்தத் துண்டுக்கு ஓர் அறிவிப்புப் பலகை கிடைத்தது. மூன்று மொழியிலும் எழுதினார்கள். தமிழ் என்னுடையது. ‘இது கொம்பு ஓணானின் வீடு. ஒரு கொப்பைக்கூட முறிக்க வேண்டாம்.’ வீடு என்ற சொல் அலுவலகத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை, ‘வாழிடம்’ என்று போடச் சொன்னார்கள். நான் விடவில்லை. அந்தச் சண்டையில் வென்றதை நினைத்துப் பல நாள் சந்தோஷப்பட்டேன்.

பலகையின் படம் ஃபோனுக்கு வந்தபோது கொழும்புக் காலி வீதிக் கடையொன்றில் லீக்ஸ் வாங்கிக்கொண்டு நின்றேன். நம் நாட்டுப் பலகைகளில் தமிழ் படும் பாடு தெரிந்ததுதானே, முதலில் எழுத்துகளைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் சரி. பெருமையாக அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து லீக்ஸ் பையை மேசையில் வைத்த பிறகுதான் பலகைக்குப் பின்னால் பார்த்தேன். அங்கே இலை இருக்கவேண்டிய இடத்தில் வானம் இருந்தது.

பலகை நாட்டிய அதிகாரியை அழைத்தேன். மலைநாட்டுக்காரர், நல்ல மனிதர். அவருடைய குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“பஸ்ல போறவங்க கூட வாசிக்கலாம் மிஸ். போர்ட மறைச்ச பத்தை, மரம் எல்லாத்தையும் வெட்டிச் சுத்தமாக்கிட்டோம். நல்லா தெரியுதுங்களா?”

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். யாரைத் திட்டி என்ன, பத்தை திரும்ப முளைத்தாலும் அதில் வந்து இருப்பதற்கு ஓணான் எங்கே மிச்சம்? இந்தத் தொழிலே வெறுத்துப்போனது.

“ஓம், நல்லாத் தெரியுது” என்றேன்.

ஃபோனை வைத்த பிறகும் ஒன்றே ஒன்றுதான் மனதைப் பிடுங்கியது. அவை ஓடியிருக்காது. கத்தியோடு ஆள் கிட்ட வரும்வரை, தங்களை யாரும் காணவில்லை என்று நம்பி, கொப்பில் அசையாமல் இருந்திருக்கும்.