டர்வுட் விற்க மறுத்த விமானம்

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு மார்லிஸ் ஃபென்ஸ்கி போன் போட்டபோது எடுத்தது ஒரு ஆண் குரல்.

"அந்த ரெண்டு சீட் ப்ளேன் விஷயமா கூப்பிடுறேன்."

"எந்த ப்ளேன்?"

"விளம்பரம் போட்டிருக்கீங்களே. மஞ்சள் கலர், வீட்டுலயே கட்டினது."

"அதுவா? அது வித்துப்போச்சு."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "டர்வுட்! அந்த போனை இப்படிக் குடு." ஏதோ உருண்டு விழும் சத்தம். பிறகு அந்தப் பெண்ணே பேசினார். "விக்கவே இல்ல கண்ணு. இவன் சொல்றத நம்பாதீங்க. போன் பண்ற எல்லாருக்கும் இதையேதான் சொல்லிட்டிருக்கான். நீங்க சனிக்கிழமை கிளம்பி வாங்க. நான் வீட்டுல இருக்கேன்."

மார்லிஸ் அப்போதே அந்த விமானத்தை மறந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு வேறு வழி குறைவு. விஸ்கான்சினில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி, சீஸ் ஆலையில் கொண்டுபோய் இறக்கும் டேங்கர் லாரி ஓட்டுவது அவள் பிழைப்பு. கணவன் பிரிந்து போனபோது மீன்பிடிப் படகையும் நாயையும் எடுத்துக்கொண்டு போனான். நாய் போனதற்கு அழுதாள். படகு நின்ற இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது. கற்றும்கொண்டாள். ஊர் கிளப்பின் கிழட்டு விமானத்தை வாடகைக்கு எடுத்துப் பறந்தாள். அப்புறம் கிளப் கலைந்துபோயிற்று. கம்பெனியில் செய்த புது விமானம் வாங்க அவள் வீட்டையே விற்றாலும் போதாது. யாரோ ஒருத்தர் தன் கராஜில் வருஷக்கணக்காகக் குனிந்து நிமிர்ந்து கட்டி, ஆசை தீரப் பறந்துவிட்டு விற்கிற விமானம்தான் அவள் கைக்கு எட்டுவது.

ஆக, சனிக்கிழமை மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி அயோவாவுக்கு வண்டி ஓட்டினாள்.

டர்வுட் ப்ரூவிட் நெட்டையான மனிதர், எழுபது தாண்டியவர். சோள வயலுக்கு நடுவே வீடு, பக்கத்தில் தகரக் கொட்டகை, அதற்குப் பின்னால் புல் ஓடுதளம். அவர் மனைவி லவோன், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட இனிப்பை ஒரு தட்டில் வைத்து நீட்டிவிட்டு, உட்காருவதற்குள் விஷயத்தை உடைத்தார்.

"போன பிப்ரவரிக் குளிர்ல இவன் சர்ச்சுல பாட்டு பாடிட்டு இருக்கும்போதே மயங்கி விழுந்துட்டான். டாக்டர் ப்ளேனும் கூடாது, காரும் கூடாதுன்னுட்டார். இப்ப எங்க போனாலும் நான்தான் டிரைவர். அந்த ப்ளேன் சும்மா நிக்குது. இவன் தினமும் அதுல போய் உக்காந்துட்டு வர்றான்."

"கொஞ்ச நேரம்தான் உக்கார்றேன்" என்றார் டர்வுட்.

"மத்தியானச் சாப்பாட்ட அங்கயே கேக்குற."

கொட்டகையில் விமானத்தைப் பார்த்ததும் மார்லிஸ் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தாழ்ந்த இறக்கை, பக்கத்துப் பக்கமாக இரண்டு இருக்கை, பின்னால் சின்ன வால் சக்கரம். மஞ்சள் உடம்பில் டிராக்டர் பச்சையில் ஒரு கோடு. ரிவெட்டுகள் தையல் மாதிரி வரிசை தப்பாமல் ஓடின. ஆனால் டர்வுட் மூக்கு மூடியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். எஞ்சின் எலும்பும் நரம்புமாகத் தெரிந்தது.

"இன்னிக்குப் பறக்க முடியாது" என்றார் டர்வுட், திருப்தியாக. "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பால் டேங்கர் ஓட்டுறேன்."

"லாரியா! லாரி வேற, இது வேற. இதுக்குக் கை மென்மையா இருக்கணும்."

"பால் டேங்கருக்குள்ள தடுப்பு கிடையாது, தெரியுமா? பிரேக் போட்டா அத்தனை பாலும் முன்னால ஓடி வந்து இடிக்கும். ஐஸ் ரோட்டுல அதை நிறுத்திக் காட்டுங்க, அப்புறம் மென்மையைப் பத்திப் பேசலாம்."

லவோன் சிரித்தார். டர்வுட் சிரிக்கவில்லை.

அடுத்த முறை போனபோது டர்வுட் காற்று சரியில்லை என்றார். வேலியோரக் கொடி அசையவே இல்லை. மேலே காற்று இருக்கிறது என்றார். அதற்கடுத்த முறை பாட்டரியையே காணோம். தேடிப் பார்த்தால் புல் வெட்டும் வண்டியில் மாட்டியிருந்தார். மூன்று மணி நேரம் ஓட்டி வந்த மார்லிஸ் கொட்டகை வாசலில் நின்று பல்லைக் கடித்தாள்.

"நீங்க விக்கப் போறதில்லைன்னா சொல்லிடுங்க. நான் பெட்ரோலையாவது மிச்சம் பிடிப்பேன்."

"யார் விக்க மாட்டேன்னது? ஆள் சரியா இருக்கணும்னுதான்…"

"டர்வுட்" என்றார் லவோன். "பாட்டரியை இப்ப எடுத்து மாட்டுற. இல்லன்னா இந்தப் ப்ளேனைக் காயலான் கடைக்காரனுக்குப் போன் பண்ணித் தூக்கிட்டுப் போகச் சொல்லுவேன். நான் சொன்னதைச் செய்வேன்னு உனக்குத் தெரியும்."

தெரியும் போலிருந்தது. பாட்டரி வந்தது.

பறக்கலாம் என்று முடிவானதும் டர்வுட் பழக்கத்தில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டார். பிரேக் பெடல் இடது பக்கம் மட்டும்தான் வைத்திருந்தார். அவரை இறக்க லவோன் இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது. இருக்கையோ அவர் கால் நீளத்துக்கு அளவெடுத்து ரிவெட் அடித்தது; முன்னும் போகாது, பின்னும் வராது. மார்லிஸுக்குப் பெடல் எட்டவில்லை. லவோன் வீட்டுக்குள் போய் சோஃபா மெத்தையைக் கொண்டுவந்து முதுகுக்கு முட்டுக் கொடுத்தார்.

"இதை நகர்ற மாதிரி வைக்கக் கூடாதா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"எதுக்கு? நான் வளரப் போறதில்லையே."

வானத்தில் ஏறியதும் அவளுக்குக் கோபமெல்லாம் கரைந்தது. ஓட்டும் ஸ்டிக்கை இரண்டு விரலால் அசைத்தால் போதும், நினைத்த பக்கம் திரும்பியது. ஆனால் நினைக்காத பக்கமும் திரும்பியது. பார்த்தால், டர்வுட் தன் பக்கத்து ஸ்டிக்கை முழங்காலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"காலை எடுங்க."

"எடுத்துட்டேன்."

"எடுக்கல."

"என் காலுக்கு வேற இடம் கிடையாது."

இறங்கும்போது ஒருமுறை லேசாகத் தூக்கிப்போட்டது. அதைப் பற்றி டர்வுட் கொட்டகை வரைக்கும் பேசினார். லவோன் சமையலறையில் விற்பனைப் பேப்பரையெல்லாம் எடுத்து வைத்து, கணவன் கையில் பேனாவைத் திணித்து, கையெழுத்து வாங்கி முடித்தார்.

அதன்பிறகும் டர்வுட் ஓயவில்லை. விமானத்தை ஊருக்கு எடுத்துப்போக அவள் தெரிந்தவர் காரில் வந்து இறங்கி, பெல்ட் போட்டு உட்கார்ந்த பிறகு இறக்கைமேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, எந்த ஸ்விட்ச் மேலே தள்ளினால் அணையும், எந்தக் கதவு ஈரநாளில் ஒட்டிக்கொள்ளும், எந்த விளக்கு சும்மா எரியும் என்று சொல்லிக்கொண்டே போனார். பெட்ரோல் முள்ளை நம்பவே கூடாது என்றார். "பெட்ரோல் டாங்க் ரெண்டு இருக்கு. இப்ப இடது டாங்க்ல வெச்சிருக்கேன். பாதி வழியில வலதுக்கு மாத்திக்கோங்க" என்றும் சொன்னார். அவள் தலையாட்டினாள். தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலித்தது.

ஆறு தாண்டி, மரக்காடு தாண்டி, விஸ்கான்சின் நடுவில் கிரான்பெரிப் பழ வயல்கள் தண்ணீரும் சேறுமாய்ச் சதுரம் சதுரமாகத் தெரிய ஆரம்பித்தபோது டாங்க்கை மாற்ற நினைத்தாள். இரண்டு இருக்கைக்கும் நடுவே இருந்த, டாங்க் மாற்றும் கைப்பிடியைப் பார்த்தாள். அதன் நீளமான முனை ஏற்கெனவே வலது பக்கம் காட்டியது. வாயில் ஒன்று, கையில் ஒன்று, இந்த மனுஷனே வலதில் வைத்துவிட்டு இடது என்று சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். சரி, கொஞ்சம் கழித்து மாற்றலாம் என்று விட்டுவிட்டாள்.

கொஞ்சம் கழித்து எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. பிறகு பேச்சே இல்லை.

காற்றின் சீறல் மட்டும் கேட்டது. கீழே இறங்க ஒரு கைக்குட்டை அளவு காய்ந்த நிலம் இல்லை. மார்லிஸ் மூக்கைத் தாழ்த்தினாள். கை தானாகக் கைப்பிடிக்குப் போய், அதைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பியது. ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் நடந்தது. எஞ்சின் ஒரு குலுக்கலோடு உயிர்பெற்றது. அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை அவளுடைய லாரிக்காரக் கூட்டாளிகளே கேட்டிருக்க மாட்டார்கள்.

ஊர் ஓடுதளத்தில் இறங்கியதும் முதலில் போனை எடுத்தாள்.

"அந்தக் கைப்பிடி எந்தப் பக்கம் காட்டுது?"

"கட்டையான முனைதான் காட்டும்" என்றார் டர்வுட். "நீளமானது பிடிக்கிறதுக்கு. சொன்னேனே."

"சொன்னீங்களா? நூறு விஷயம் சொன்னீங்க! கதவு ஒட்டும்னு சொன்னீங்க, விளக்கு சும்மா எரியும்னு சொன்னீங்க. உலகத்துல எல்லாக் கைப்பிடியும் நீள முனைலதான் காட்டும். அதைக் கழட்டித் திருப்பி மாட்டணும்."

"முடியாது. அப்படி வெச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு."

அவள் போனை வைத்துவிட்டாள். எஞ்சின் நின்றதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும் என்று இருந்தது.

இனி அந்த மனுஷன் முகத்தில் முழிக்கப் போவதில்லை என்று சத்தியம் செய்தாள். ஆனால் விமானத்துக்கு வருஷாந்திரப் பரிசோதனை நெருங்கிவிட்டது; அதில் கையெழுத்து விழாமல் பறக்கக் கூடாது. ஓடுதளத்து மெக்கானிக் எல்டன் விமானத்தைச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தான்.

"கராஜ்ல பண்ணினதுக்கு நான் கையெழுத்துப் போடுறதில்ல மார்லிஸ். உள்ள என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? கட்டின ஆள் உயிரோட இருக்காரா? சட்டப்படி அவர் போடலாம்."

"நான் போடலாமா? நான்தான ஓனர்."

"நீ போடக் கூடாது. அவர் போடலாம்."

"அவர் என்கிட்ட வித்துட்டாரு!"

"வித்தாலும் கட்டினது அவர்தானே."

மார்லிஸ் லாரியில் போய் உட்கார்ந்து ஸ்டியரிங்கை உள்ளங்கையால் அடித்தாள். பிறகு போன் பண்ணினாள்.

டர்வுட் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து இறங்கினார், எப்போது கூப்பிடுவாள் என்று காத்திருந்த மாதிரி. லவோன்தான் காரோட்டி வந்தார்; வந்ததும் மடக்கு நாற்காலியை விரித்துப் பின்னல் வேலையை எடுத்துக்கொண்டார். டர்வுட் விமானத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "துடைக்கவே இல்லையா?" என்றார். இருக்கையடியில் சிப்ஸ் தூள் கண்டுபிடித்தார். சோஃபா மெத்தையை மார்லிஸ் ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருந்ததைப் பார்த்து முனகினார்.

"அது கிடக்கட்டும். கைப்பிடியைத் திருப்புங்க" என்றாள் அவள்.

"நான்தான் சொன்னேனே, காரணம்…"

"கிரான்பெரி வயலுக்கு மேல எஞ்சின் நின்னுபோச்சு டர்வுட். கைப்பிடி வலதுல இருக்குன்னு நெனச்சேன். இடது டாங்க் காலி ஆயிடுச்சு. நான் அன்னிக்குச் சேத்துல சொருகிச் செத்திருப்பேன்."

டர்வுட் கையிலிருந்த ஸ்பானர் நின்றது. லவோனின் பின்னலும் நின்றது.

"நின்னுதா?" என்றார். "முழுசாவா?"

"முழுசா."

அவர் இறக்கையின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது; இவர் மறுபடியும் மயங்கி விழப் போகிறார் என்று மார்லிஸ் பயந்து தோளைப் பிடித்தாள்.

"என்ன காரணம்னு கேளு கண்ணு" என்றார் லவோன். குரலில் சிரிப்பில்லை. "ஒரு காரணமும் கிடையாது. அதைத் தலைகீழா மாட்டி ஒட்டிட்டான். காஞ்சதுக்கு அப்புறம்தான் கவனிச்சான். அன்னிலேருந்து யார் கேட்டாலும் ஒரு புதுக் காரணம் சொல்லுவான்."

டர்வுட் எழுந்தார். ரம்பத்தைக் கேட்டார். பழைய கைப்பிடியை அறுத்தெடுத்தார், குனிந்து, முக்கி, யார் உதவியையும் வாங்காமல். எல்டனின் பட்டறையில் அலுமினியத் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, அராவி, புதுக் கைப்பிடி செய்து மாட்டினார். எந்தக் குழந்தை பார்த்தாலும் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும்படி முனையில் சிவப்பு அடித்தார். மார்லிஸிடம் மன்னிப்பென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவளைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, இடது, வலது, அணை என்று கேட்டுக் கேட்டு, அவள் கை தடுமாறாமல் போகும்வரை விடவில்லை. நடுவில் அவளுக்கு மறுபடியும் எரிச்சல் வந்துவிட்டது.

சாயங்காலம் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. டர்வுட் மறுபடி வாலடியில் படுத்துக்கொண்டார்.

"இங்க ஒரு நட்டு எனக்குப் பிடிக்கல" என்று கீழிருந்து குரல் வந்தது.

"காலையில பிடிச்சுது" என்றாள் மார்லிஸ்.

லவோன் நாற்காலியை மடக்கினார். "ஹோட்டல்ல வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூட்டம் வந்துடும். இன்னும் லேட்டானா எடம் கிடைக்காது. டர்வுட், வர்றியா இல்லையா?"

"ரெண்டு நிமிஷம்."

லவோன் மார்லிஸைப் பார்த்தார். மார்லிஸ் லாரிச் சாவியை எடுத்தாள். இரண்டு பேரும் போய், மீனும் உருளைக்கிழங்கும் பிராந்தியுமாக நிதானமாகச் சாப்பிட்டு, அந்த ஆளைப் பற்றி மனதாரப் பேசித் தீர்த்தார்கள். ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

டர்வுட் பேப்பரில் கையெழுத்துப் போட்டு இருக்கைமேல் வைத்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"முட்டைக்கோஸ் போட்டிருக்காங்களே" என்றார். "வேணாம்னு சொல்லலையா?"