மஞ்சளாகிப் போன நீலத் தண்ணீர்

கிள்ளான் வட்டாரத்தில் சாந்தமேரி சண்டை போடாத மெக்கானிக் ஒருவன்தான் பாக்கி இருந்தான். பண்டமாரானில் பட்டறை வைத்திருக்கும் விஜயன். அவனோடும் மல்லுக்கு நின்றுவிட்டு வந்தால் காரை இரும்புக்கடைக்குப் போட்டுவிடுவேன் என்று அவள் கணவர் இக்னேஷியஸ் சொல்லிவிட்டார். அதிகம் பேசாத மனிதர். சொன்னால் செய்துவிடுவார்.

சந்தேகம் சாந்தமேரியின் கூடப் பிறந்தது என்பார்கள் உறவுக்காரர்கள். அது பாதி உண்மை. மீதியைக் கொடுத்தது அரசாங்க மருத்துவமனையின் ஆய்வுக்கூடம். இரத்தம் சோதிக்கும் வேலையிலேயே தலை நரைத்தவள் அவள். எந்தச் சோதனை மருந்தானாலும் முதலில் முடிவு தெரிந்த இரத்தத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் சரியாக வந்தால்தான் நோயாளியின் இரத்தத்தைத் தொடலாம். அங்கே அது சட்டம். ஓய்வு பெற்ற அன்று வெள்ளை அங்கியைத் திருப்பிக் கொடுத்தவள், அந்தச் சட்டத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பாசாரில் மீன்காரரின் தராசில் தன் பையிலிருக்கும் ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை முதலில் வைத்துப் பார்ப்பாள். அப்புறம்தான் மீன். அவள் தலை தெரிந்தாலே சில வியாபாரிகளுக்கு வேறு அவசர வேலை வந்துவிடும்.

கார் விஷயத்தில் அவள் சந்தேகத்துக்கு நல்ல தீனி கிடைத்தது. காலையில் ரேடியேட்டரை நிரப்புவாள். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் குறைந்திருக்கும். ஆனால் தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. ஃபெடரல் ஹைவே நெரிசலில் சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறும். ஒரு மெக்கானிக் ரேடியேட்டரையே மாற்றினான். இன்னொருவன் ஓட்டையை அடைக்கும் மருந்தை ஊற்ற வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். பக்கத்து வீட்டு நாகையா மீதுகூட அவளுக்குச் சந்தேகம் வந்து, ஒரு வாரம் ஜன்னலோரம் காவல் நின்றாள். ரேடியேட்டர் தண்ணீரைத் திருடி நாகையா என்ன செய்யப் போகிறார் என்று இக்னேஷியஸ் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள்.

விஜயன் எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினான். குழாயில் நீலத் தண்ணீர் இருந்தது. மேலே இருந்த ரப்பர் உருண்டையை அவன் அமுக்கி அமுக்கி விட, நீலத்துக்குள் குமிழ்கள் ஏறின. கொஞ்ச நேரத்தில் நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகிவிட்டது.

"ஹெட் கேஸ்கெட் போச்சு ஆன்டி. எஞ்சின்ல நெருப்பு எரியற இடத்துக்கும் தண்ணி ஓடற இடத்துக்கும் நடுவுல ஒரு தகடு இருக்கும். அது லீக். தண்ணி உள்ளேயே ஆவியாகி எக்ஸாஸ்ட் வழியா போயிடுது. எரிஞ்ச புகை தண்ணிக்குள்ள வருது. அதான் கலர் மாறுது."

"எல்லாக் காடிக்கும் மாறுமா?"

"நல்ல காடின்னா மாறாது லா."

"அப்ப நல்ல காடியில வச்சுக் காட்டு."

மற்ற மெக்கானிக்குகள் ஸ்பானரைக் கீழே போடும் இடம் இதுதான். விஜயன் சிரித்தான். எந்தக் கார் என்று அவனைத் தேர்ந்தெடுக்கவிட அவள் என்ன ஏமாளியா? ஓரத்தில் நின்ற சிவப்புக் காரை அவளே காட்டினாள்.

"அது என் காடிதான் ஆன்டி. போன மாசம் எங்க அண்ணன்கிட்ட வாங்கினேன், என் வைஃப் சந்திரகலா ஓட்டறதுக்கு. தங்கம் மாதிரி காடி. தாராளமா பாருங்க."

புதிதாக நீலத் தண்ணீர் ஊற்றிக் குழாயை வைத்தான். அதுவும் மஞ்சளானது.

"பாத்தியா!" சாந்தமேரி குதிக்காத குறை. "எதுல வச்சாலும் மஞ்சள்தான். யார் காதுல பூ சுத்தற?"

விஜயன் குழாயைக் கழற்றினான். சர்வீஸுக்கு வந்திருந்த வேறொரு காரில், வேறு தண்ணீர் ஊற்றி வைத்தான். எவ்வளவு அமுக்கியும் நீலம் நீலமாகவே இருந்தது. அப்படியானால் சிவப்புக் காரிலும் அதே கோளாறு. அவன் முகம் செத்துப் போயிருந்தது.

அப்பா இறந்த பிறகு லோரி ஓட்டி அவனை ஆளாக்கியவர் அண்ணன் ராதாகிருஷ்ணன். ஊரார் கார்களையெல்லாம் சோதிக்கிறவன், அந்தக் காரை மட்டும் சோதிக்காமலே வாங்கியிருந்தான்.

"அண்ணன் காடிய யாராச்சும் செக் பண்ணுவாங்களா ஆன்டி?"

நான் பண்ணுவேன் என்று சொல்ல வந்த சாந்தமேரி, தன் காரைப் பழுதுபார்க்க விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலையைக் கவனித்தாள். கழற்றிய பழைய கேஸ்கெட்டை விஜயன் நீட்டினான். இரண்டு துளைகளுக்கு நடுவே கருகிய கோடு தெரிந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. கடைசல் பட்டறையில் சமப்படுத்தி வந்த எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைப் புதுத் தகட்டின் மேல் உட்கார வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு சுற்றாக முறுக்கினான். குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்து சிவப்புக் காரைத் திறந்தான். தண்ணீர் ஓடும் துளைகளில் வெள்ளி நிறத்தில் பசை அப்பியிருந்தது. ஓட்டை அடைக்கும் அதே மருந்து.

"யாரோ கோளாறு தெரிஞ்சேதான் ஊத்தியிருக்காங்க." விஜயன் ஸ்பானரைக் கீழே வைத்தான். "அண்ணனா இருக்குமா ஆன்டி? நீங்க சொல்லுங்க. நீங்கதான் யாரையும் நம்ப மாட்டீங்களே."

அவள் எழுந்து வந்து, அந்தப் பசையை நகத்தால் கீறினாள். மெத்தென்று இருந்தது. வருஷக்கணக்கில் கிடந்திருந்தால் கல்லாக இறுகியிருக்கும். இது சமீபத்தில் ஊற்றியது. வாழ்நாளெல்லாம் இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் அவள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். பரிசோதனை முடிவுக்காக ஆய்வுக்கூட ஜன்னலோரம் நிற்பவர்களின் முகம் அது.

"இது ரொம்பப் பழசுப்பா. உங்க அண்ணனுக்கு முன்னாடி வச்சிருந்தவன் ஊத்தினது. அவருக்கே தெரிஞ்சிருக்காது."

"நிச்சயமாவா?"

"நான் சும்மா சொல்லுவேனா?"

விஜயன் பெருமூச்சு விட்டான். "அதானே. நீங்களே சொல்றீங்கன்னா சரியாத்தான் இருக்கும்."

திரும்பும் வழியெல்லாம் முள் நடுவிலேயே நின்றது. அவள் அதை ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் நகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"இவன்கிட்டயும் சண்டையா?" என்றார் இக்னேஷியஸ்.

"இல்ல. நாளைக்குப் பூசைக்குக் கொஞ்சம் முன்னாடியே போகணுங்க. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

அவர் பேப்பரை இறக்கினார். "என்ன பண்ணித் தொலைச்ச?"

"ஒருத்தன நம்ப வச்சுட்டு வந்துட்டேன்."