நான் வாசித்துக் காட்டாத பக்கம்

போன வாரம் மகளுடைய ஆபீசிலிருந்து ஒரு காப்பீட்டுக் கையேடு வந்தது. வழவழவென்ற தாள். பிரித்ததும் மை வாசனையோடு மிளகு வாசனையும் அடித்தது. உங்கள் மூக்குக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றாள் மனைவி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கொல்லிமலையில் நான் ஏஜெண்டாக அலைந்த நாட்களில், இப்படிப்பட்ட கையேடுகளும், போகிற வீட்டிலெல்லாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் திணித்த மிளகுப் பொட்டலங்களும் என் தோள்பையில் ஒன்றாகத்தான் கிடக்கும்.

எங்கள் கம்பெனிக்குத் தலைமையிடம் கடல் தாண்டி ஏதோ ஒரு குளிர்தேசம். கப்பல் சரக்குக்குக் காப்பீடு கொடுத்து ஆரம்பித்தார்களாம். பிறகு உயிருக்கு, விபத்துக்கு, வைத்தியத்துக்கு, வீட்டுக்கு, பயணத்துக்கு என்று விரிந்து நாடு நாடாகக் கிளை விட்டார்கள். பயிற்சியில் உருப்போட்ட இந்தப் பாடத்தை மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரின் மரவள்ளிக் காட்டில் நின்று நான் ஒப்பித்ததைப் பார்த்திருந்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். கப்பலைக் கண்ணால் பார்க்காதவனுக்குக் கப்பல் பெருமை! ஆனால் கேட்டவர்கள் சிரிக்கவில்லை. கையேட்டின் அட்டையில் குடை பிடித்துச் சிரித்த வெள்ளைக்காரப் பெண்ணைக் காட்டி, "ஏனுங்க, இந்தம்மா ஊட்டுக்காரருக்கு என்னாச்சுங்க?" என்று கவலையோடு விசாரித்தார் பொன்னுசாமி.

அவருக்கு அரை ஏக்கர் மிளகுக் காடு. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கிலைச் சாத்தி, கணுவில் கால்விரலை ஊன்றி உச்சிவரை ஏறிப் பறிப்பார். விபத்துக் காப்பீடு வேறு யாருக்கு வேண்டும்? ஆனால் கையெழுத்துப் போடும் நேரத்தில் சாவுப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்கள். அதனால், "ஏதாச்சும் ஒண்ணுன்னா கம்பெனி பாத்துக்கும்ங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இறந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தை ஒருநாளும் வாசித்துக் காட்டியதில்லை. அதைத் தொழில் சாமர்த்தியம் என்று வேறு மெச்சிக்கொண்டேன், மடையன்.

தை மாதத்தில் பொன்னுசாமி ஏறிய மூங்கில் வழுக்கிவிட்டது. சேதி கேட்டு மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறிப் போனபோது உடலைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். விபத்துச் சாவென்றால் போலீசில் எழுத வேண்டும். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துச் சான்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி ஒன்றும் தராது. பொன்னுசாமியின் அண்ணனை ஓரமாக அழைத்துச் சொன்னேன்.

"மலையில உழுந்தவன மலையிறக்கப்படாதுங்க. பொழுது சாயறதுக்குள்ள மண்ணுல வெக்கோணும்," என்றார். அந்த ஊர் வழக்கம் அது.

பொன்னுசாமியின் மனைவி பழனியம்மாவிடம் போனேன். மடியில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாகப் பிள்ளைகள். "ஊட்டுக்கே வந்து எழுதிட்டுப் போனவரு நீங்க. அவரு உழுந்துதான் செத்தாருன்னு நீங்க சொன்னா கம்பெனி நம்பாதுங்களா?" என்று கேட்டாள்.

நம்பாது என்று சொல்ல வாய் வரவில்லை. "சொல்றேனுங்க," என்றேன். குழியில் நானும் மூன்று பிடி மண் போட்டேன். அவள் பிழைப்பிலும் சேர்த்துத்தான் போடுகிறோம் என்று தெரிந்தே போட்டேன்.

பிறகு நாய் படாத பாடு பட்டேன். ஊர்க்காரர்களிடம் கைநாட்டு வாங்கி மனு எழுதினேன். கிளை மேலாளர் மேலிடத்துக்கு அனுப்பினார். அவர்கள் அதற்கும் மேலே அனுப்பினார்கள். மழைக்காலம் முடிந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. முதல் வரியில் ஆழ்ந்த வருத்தம், கடைசி வரியில் பணம் இல்லை.

படித்துச் சொன்னபோது பழனியம்மா அழவில்லை. "அந்தக் கம்பெனி எந்தத் தேசத்துலீங்க இருக்குது? பஸ்ஸு போவுங்களா? நானே போயி நேர்ல கேக்கறேனுங்க," என்றாள். அன்றைக்கே செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

இப்போது அந்தக் கம்பெனியே இல்லை. வேறொன்று அதை வாங்கிப் பெயரையும் மாற்றிவிட்டது. கிளை இருந்த மாடியில் செல்போன் கடை நடக்கிறது. பழனியம்மா காட்டை விற்றுவிட்டு, பிள்ளைகளோடு ஏதோ நூல்மில்லுக்குப் போய்விட்டாளாம். எந்த மில் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. நான்கைந்து மில் வாசலில் போய் விசாரித்தேன். கடைசி மில்லில் காவலாளி, "அவிங்களுக்கு நீங்க யாருங்க?" என்றார். வேண்டப்பட்டவன் என்று சொல்லக் கூசியது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.