அக்காவின் பிரஷர் கொப்பி

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு இருபதுக்கு அக்கா விழுந்துவிட்டாள்.

நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று என் எழுத்தைப் புதிதாகப் படிப்பவர்கள் கேட்கலாம். பழையவர்கள் கேட்க மாட்டீர்கள். மழை தொடங்கிய நேரத்தைக்கூட டயரியில் குறித்து வைக்கிற ஆள் நான்.

மாதா கோயில் பூசைக்குப் புறப்பட்டவள் செருப்பை மாட்டக் குனிந்தாள். நிமிர்ந்தாள். "தம்பி, கண்ண இருட்டுது" என்றாள். கதவு நிலையில் தோள் இடித்து, அப்படியே சரிந்தாள்.

பலாபத்வலயில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது கட்டடம் ரஸீன் நானாவின் பாமசி. ஓடினேன். பிரஷர் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு அவரும் என் பின்னாலேயே ஓடி வந்தார். கையில் பட்டியைச் சுற்றினார். காற்றடித்து இறக்கினார். நம்பாமல் இன்னொரு முறை காற்றடித்தார்.

"எவ்வளவு நானா?"

"தொண்ணூத்திரண்டுக்கு அம்பத்தெட்டு."

எட்டு மாதமாக ஏறுகிற பிரஷருக்குப் பயந்து பழகியவன் நான். இறங்கிய பிரஷருக்கு எப்படிப் பயப்படுவது என்றே தெரியவில்லை.

"போன கிழமையே சொன்னேனே மாஸ்டர், கொஞ்சம் கூடத்தான் எறங்குதுன்னு" என்றார் நானா. "நீங்க கொப்பியில எழுதிட்டு சிரிச்சிக்கிட்டுப் போனீங்க."

சிரித்தது உண்மை. நூற்று இருபத்தாறு, நூற்றுப் பதினாறு, நூற்று நாலு... எண்கள் படிப்படியாக இறங்க, பரீட்சையில் பிள்ளை பாஸ் பண்ணியது போல எனக்கு ஒரு பெருமை.

கால்களை உயர்த்தி வைத்துக் கொஞ்ச நேரத்தில் அக்கா கண் விழித்தாள். "பூசைக்கு நேரமாச்சா?" என்றாள். பூசைக்கா? வேன் பிடித்து மாத்தளைக்குக் கொண்டுபோனேன். அங்கே பார்த்த டொக்டர், "இன்றைக்கு மாத்திரை வேண்டாம். நாளையிலிருந்து பாதி கொடுங்கள். செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்" என்றார்.

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அக்காவுக்கு வயது அறுபத்தொன்று. எல்கடுவ பக்கம் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். அத்தான் காலமான பிறகு, தனிக்கட்டையான என்னோடு வந்து இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். வந்த வருடமே கால் வீங்கியது; இரத்தத்தைச் சோதித்தார்கள்; சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது என்று மூன்று மாத்திரை கொடுத்துக் கண்டிக்கு அனுப்பினார்கள்.

கண்டியில் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக். முதல் நாளே டொக்டர் அம்மா சொன்னார்: "பிரஷர் ஏறினால் கிட்னி கெடும். கிட்னி கெட்டால் பிரஷர் இன்னும் ஏறும். கெட்ட பகுதியை என்னால் திருப்பித் தர முடியாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவது பிரஷரைப் பிடித்து வைப்பதில்தான் இருக்கிறது. தவறினால், மெஷினில் படுக்க வைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டிய நாள் சீக்கிரம் வரும்."

அன்று மாலையே ஒரு புதுக் கொப்பி வாங்கினேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். திகதி, காலை மாத்திரை மூன்று, பிரஷர், கால் வீக்கம், குறிப்பு. ஞாயிறு, புதன், வெள்ளி நானாவின் பாமசியில் அளவு. கருவாடு நின்றது. அச்சாறு நின்றது. ரொட்டி மாவுக்கு உப்புப் போடுவதும் நின்றது. "இத திங்கிறதுக்கு கடதாசியத் திங்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அக்கா தின்றாள். காலையில் மூன்று மாத்திரையையும் அவள் உள்ளங்கையில் வைப்பேன். கொப்பியில் சரி போடுவேன். ஒரு கட்டம் காலி கிடையாது.

ஆனாலும் ஒரு புதிர். வீட்டில் நூற்று முப்பத்தாறு. கிளினிக்குப் போனால் நூற்று எழுபத்தெட்டு! ஒவ்வொரு மாதமும் இதே கதை. போன மாதம் இரத்த ரிப்போர்ட்டும் கொஞ்சம் மோசமாக வந்தது. டொக்டர் அம்மா யோசித்துவிட்டு மாத்திரையை இரட்டிப்பாக்கினார். அதன் பலன்தான் ஞாயிற்றுக்கிழமை கதவு நிலையில் இடித்தது.

செவ்வாய் காலை ஐந்தேகால். பாதி அளவு மாத்திரைகளைக் கொடுத்தேன். சரி போட்டேன். ஐந்து ஐம்பது பஸ். வழியில் செக்பொயிண்ட். "பஹின்ன, பஹின்ன!" எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, வரிசையில் நடந்து, மறுபக்கத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டும். அன்று முப்பத்தைந்து நிமிடம். குறித்துக்கொண்டேன்.

கிளினிக்கில் அளவு: நூற்று எண்பதுக்கு நூற்றாறு.

டொக்டர் அம்மா என் கொப்பியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். திரும்பவும் கொப்பி. "ஞாயிற்றுக்கிழமை தொண்ணூற்றிரண்டு. இன்றைக்கு நூற்று எண்பது. மாத்திரை பாதியானதற்கு இவ்வளவு பாயுமா?" என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? இந்தப் பக்கம் விழுந்தால் தலை உடையும். அந்தப் பக்கம் ஏறினால் கிட்னி போகும். நடுவில் எங்கேதான் நிற்பது?

"வார்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு மருந்தும் சேர்க்க வேண்டி வரும்" என்றார். அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மூன்று மாத்திரை.

"காலையில குடுத்தது..." என்றேன்.

"ஆமா. நேத்து குடுத்தது வாழமரத்தடியில கெடக்குது."

"அக்கா! எவ்வளவு நாளா?"

"கிளினிக்கு வார நாளும் அதுக்கு முந்தின நாளும் மட்டுந்தான். மத்த நாளெல்லாம் ஒழுங்காத்தான் குடிக்கிறேன். மாதா மேல சத்தியமா."

"ஏன்?"

டொக்டர் அம்மாவைப் பார்த்தாள். பெண் என்பதாலோ என்னவோ, என்னிடம் சொல்லாமல் அவரிடம், உடைந்த சிங்களத்தில் சொன்னாள். மூன்றில் ஒன்று மூத்திரம் போகிற மாத்திரை. எது என்று அவளுக்குத் தெரியாது. மூன்றும் வெள்ளை, மூன்றும் சின்னது. குடித்தால் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் போக வேண்டும். முந்தின நாள் குடித்தாலும் மறுநாள் வரை இழுக்குமோ என்று பயம். பஸ்ஸில் எங்கே போவது? செக்பொயிண்டில் துவக்கோடு நிற்கிற ஆமிப் பொடியனிடம் போய் என்னவென்று கேட்பது? வரிசையை விட்டுப் பற்றைப் பக்கம் ஒதுங்கினால் சும்மா விடுவார்களா?

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மொத தடவ கிளினிக்கு வந்தப்ப, செக்பொயிண்டுல ரொம்ப நேரம் நிக்க வச்சாங்களே, ஞாபகமிருக்கா தம்பி? நீ முன்னுக்கு நின்ன. என்னால முடியல. சேலையெல்லாம் நனைஞ்சிருச்சு. நல்ல வேள, மழ தூறிக்கிட்டு இருந்திச்சு. யாருக்கும் தெரியல."

எனக்கும் தெரியவில்லை.

டொக்டர் அம்மா பேனாவை மூடி வைத்தார். "அம்மே, இதை முதலே சொல்லியிருந்தால் நான் மாத்திரையைக் கூட்டியிருக்கவே மாட்டேனே" என்றார். கோபமில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் ஒரு தரம் கேட்டிருந்தாலும் போதுமே!

வார்டு வேண்டாமென்றார். மூத்திர மாத்திரையை விட்டு மற்ற இரண்டையும் அங்கேயே குடிக்க வைத்து, இரண்டு மணித்தியாலம் உட்கார வைத்துத் திரும்பவும் பார்த்தார். நூற்று ஐம்பத்தெட்டு. பழைய அளவே போதும் என்று எழுதினார். மூத்திர மாத்திரை உறையில் நீலப் பேனாவால் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். கிளினிக் நாளில் இதை மட்டும் வீட்டுக்குத் திரும்பிய பிறகு குடிக்கலாம்; மூன்று மணி தாண்டிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடலாம்; மற்ற இரண்டும் எந்த நாளும் தவறக் கூடாது. (இது என் அக்காவுக்குச் சொன்னது. உங்கள் வீட்டு ஆளுக்கு உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேளுங்கள்... வெட்கப்படாமல் கேளுங்கள்.)

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அக்கா நிம்மதியாகத் தூங்கினாள். எனக்குத் தூக்கம் எங்கே வரும்? இரத்த ரிப்போர்ட் வர இன்னும் பத்து நாள். இந்த எட்டு மாத ஏற்ற இறக்கத்தில் அந்தச் சிறுநீரகம் எவ்வளவு தேய்ந்ததோ!

வீட்டுக்கு வந்ததும் டயரியை எடுத்து அந்த முதல் கிளினிக் நாளைத் தேடினேன். என் கையெழுத்து. அழகான, நேரான வரி: "செக்பொயிண்டில் 1 மணி 10 நிமிடம் தாமதம். இலேசான மழை. மற்றபடி பிரச்சினை ஒன்றுமில்லை."

எட்டு மாதமாக நான் கொடுத்ததைத்தான் எழுதியிருக்கிறேன். அவள் விழுங்கினாளா என்று எழுதவில்லை. கேட்காதவன் எப்படி எழுதுவது? நேரம் குறிக்கத் தெரிந்தவனுக்கு, பின்னால் நிற்பவளைத் திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை.

கொப்பியில் காலையில் நான் போட்ட சரிகளை வெட்டி, கீழே புது வரி போட்டு, பேனாவை அக்காவிடம் நீட்டினேன். "இனிமே நீங்களே போடுங்க. குடிச்சா சரி. குடிக்கலன்னா சுழி."

"எனக்கு எழுத்து வராதே."

"சுழி வருமில்ல?"

"ஏன் வராது? முப்பத்தெட்டு வருஷம் கொழுந்துத் தராச பார்த்தவ. கணக்கப்புள்ளையால என்னைய ஒரு கிலோ ஏமாத்த முடியல" என்றாள். கொப்பியை இழுத்து மடியில் வைத்தாள். இரண்டு கட்டத்தில் கோணலாகச் சரி போட்டாள். மூன்றாவது கட்டத்தில், நீல வட்டம் போட்ட மாத்திரைக்கு, ஒரு பெரிய சுழி.

"என்னக்கா, ஏன்?"

"மணி நாலே முக்கால். மூணுக்குப் பொறகு வேணாம்னாங்கல்ல? கொப்பியில பொய் எழுதச் சொல்றியா?"

எட்டு மாதக் கொப்பியில் இன்றைக்கு நான் முழுசாக நம்புவது அந்த ஒரு சுழியைத்தான்.