செவ்வாய்க்கிழமை நாலரை மணி

காமாட்சிக்குக் கோபமே வராது. அவளுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. ஆனால் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் நிலவரமே வேறு. பக்கத்து அறையில் இருந்தவர்கள் மழை பிடித்துக்கொண்டது என்று ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள். நான் மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்பவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

1993இல் நாங்கள் இருவரும் கோலாலம்பூரில் ஓர் ஆய்வு மையத்தில் தட்டச்சு வேலை பார்த்தோம். நான் பண்டமாரான்காரி, அவள் பந்திங் பக்கத்துத் தோட்டத்துக்காரி. பிரிக்பீல்ட்ஸில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். நடுவில் ஓர் இடம் காலியானதால் எனக்கு மூன்றே வருடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. என்னைவிட இரண்டு மடங்கு வேகமாக, பாதிப் பிழையோடு அடிக்கிற அவளுக்கு ஆறு வருடமாக நாள் சம்பளம். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருடம் அவளுக்கு நிரந்தர வேலை உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. தோட்டம் கைமாறியதால் அவள் அம்மா வள்ளியம்மா தோட்ட வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பூச்சோங்கில் மலிவு விலை அடுக்குமாடி வீடு கட்டியிருந்தார்கள். விண்ணப்பத்தோடு நிரந்தர வேலைக் கடிதம் வைத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். கடைசி நாள் சனிக்கிழமை. அந்த வாரம் பார்த்துத்தான் எங்கள் மையத்தின் தலையில் ஒரு சர்வதேசப் பேச்சுவார்த்தை வந்து விழுந்தது.

வளைகுடாவில் போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எந்த இயந்திரத்தை, எந்த ரசாயனத்தை அந்தப் பக்கத்து நாடுகளுக்கு விற்கலாம், எதை விற்கக் கூடாது, விற்றால் யார் கண்காணிப்பது என்று பேச பதினான்கு நாட்டுக்காரர்கள் ஓர் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் கூடினார்கள். நாடுகளின் பெயரைச் சொல்ல மாட்டேன். ரகசியம் காப்போம் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

எங்கள் பெரியவர் திரு. காசிவிஸ்வநாதன். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத முகம். வெள்ளிக்கிழமை காலையில் அவர் இரண்டு வருட வேலையாக ஜெனீவாவுக்குப் புறப்படுகிறார். காமாட்சியைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“இந்த மீட்டிங் ஒரு பிழை இல்லாம முடியட்டும்மா. உன் நிரந்தர வேலை சுராட்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் நான் ஏரோப்ளேன் ஏறுவேன். எனக்கப்புறம் வர்றவர் என்ன செய்வாரோ, எனக்குத் தெரியாது.”

அன்று முதல் அவள் பசியாறுவதையே மறந்துவிட்டாள். நான்தான் ரொட்டியைப் பிய்த்து வாயில் திணிக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை முழுவதும், செவ்வாய்க்கிழமை காலையும், ஏழாவது பத்தியிலேயே சிக்கிக் கிடந்தார்கள். விஷயம் இவ்வளவுதான். பம்பு என்றால் பம்பு, பால்மாவுத் தொழிற்சாலைக்கும் ஆகும், விஷவாயு செய்கிறவனுக்கும் ஆகும். விற்கிற நாட்டின் தலைவர் ஒரு நெட்டை மனிதர். “முதலில் எங்கள் ஆள் வந்து இடத்தைப் பார்க்கட்டும், பிறகு பம்பு வரும்” என்றார். வாங்குகிற வளைகுடா நாட்டின் தலைவர் கையில் எப்போதும் தஸ்பி என்கிற ஜெபமணி உருளும். “முதலில் பம்பு வரட்டும், பிறகு ஆள் வந்து பார்க்கட்டும். நாங்கள் என்ன திருடர்களா?” என்றார் அவர். முன்னாலா பின்னாலா என்று ஒன்றரை நாள். அந்தப் பத்தியைக் காமாட்சி பதினோரு முறை திருப்பி அடித்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை இடைவேளையில் பெரியவர் மதிய நிகழ்ச்சிநிரலைக் கிறுக்கிக் கொடுத்தார். ஆறாவது அமர்வு, மூன்று மணி. அவள் அடித்தாள், நான் போட்டோஸ்டாட் எடுத்தேன், ஹோட்டல் பையன்கள் ஒவ்வோர் அறைக் கதவுக்கடியிலும் தள்ளினார்கள். நாங்கள் இருவரும் நிம்மதியாகத் தேத்தண்ணி ஆர்டர் செய்தோம்.

மூன்று ஐந்துக்குப் பெரியவர், ஹோட்டலில் எங்களுக்குக் கொடுத்திருந்த தட்டச்சு அறைக்குள் வந்தார். முகத்தில் முதல் தடவையாக மடிப்பு கலைந்திருந்தது.

“ஹால்ல பதினாலு கொடி இருக்கு, நாப்பது தண்ணி போத்தல் இருக்கு. ஒரு மனுசன் இல்ல. இது என்னா?”

தாளை நீட்டினார். ஆறாவது அமர்வு, நாலரை மணி என்று பளிச்சென்று இருந்தது.

காமாட்சியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவள் சனி ஞாயிறுகளில் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சுக்கடைக்குத் தமிழ் அழைப்பிதழ்கள் அடித்துக் கொடுப்பாள். காதுகுத்து, புதுமனை புகுவிழா, கோயில் பூசை என்று ஆறு வருடத்தில் ஆயிரம் அழைப்பிதழாவது இருக்கும். நேரம் ராகுகாலத்தில் விழுந்தால் அவளே தள்ளிப் போட்டுவிட்டுக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள். வீட்டுக்காரர்கள் வந்து கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகுகாலம். அந்தக் கிழமையில் மூன்று மணி என்று அவள் விரல்கள் அடித்ததே கிடையாது. கண் மூன்று என்று பார்த்திருக்கிறது, விரல் நாலரை என்று அடித்திருக்கிறது. வளைகுடாவின் பாதுகாப்பு, கோயில் பூசை கணக்காக ராகுகாலம் தள்ளி வைக்கப்பட்டுவிட்டது!

“ஸார்... செவ்வாய்க்கெழம... ராகுகாலம்... கை தானா...” என்று இழுத்தாள்.

“ராகுகாலமா?” பெரியவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. “நாளையோட நீ வீட்டுக்குப் போயிடலாம்மா” என்றார்.

அவ்வளவுதான். பூச்சோங் வீடு, வள்ளியம்மா, ஆறு வருடம், எல்லாம் அந்த ஒரு வரியில் போயிற்று. அவள் அழவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாடி ரமணி, ஆளுங்கள தேடுவோம்.”

ஓடினோம். நீச்சல் குளத்தில் இருவர். மசாஜ் அறையில் ஒருவர், குப்புறக் கிடந்தபடியே “நாலரைதானே?” என்று கேட்டார். மூவர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் துணி வாங்கப் போய்விட்டார்கள். ஒருவர் கதவைத் திறந்து, எங்கள் தலையையும் காமாட்சியின் கையிலிருந்த செருப்பையும் பார்த்துவிட்டு, மறுபடி சாத்திக்கொண்டார். எனக்குப் பயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க அவளும் சிரித்தாள். வேலை போன பெண்ணும் நானும் ஏழாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தோம்.

நெட்டையரையும் தஸ்பிக்காரரையும் மட்டும் எங்கேயும் காணோம். அவர்கள் இல்லாமல் கூட்டமே இல்லை. வாசலில் விசாரித்தால், ஹோட்டல் வேன் ஓட்டுகிற பக்கிரிசாமி அண்ணன் இருவரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். மேசைக்கு இருபுறமும் உட்காரவே முகத்தைச் சுளிக்கிற இருவர் ஒரே வேனிலா? பெரியவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு பத்துக்கு வேன் வந்தது. முதலில் சிரிப்புச் சத்தம்தான் இறங்கியது. பிறகு நெட்டையர், விரல் நுனியெல்லாம் மஞ்சள். பிறகு தஸ்பிக்காரர், வெள்ளை அங்கியில் ஒரு சொட்டு சாம்பார்.

“என்னாண்ணே செஞ்சீங்க?” என்றேன் பக்கிரிசாமியிடம்.

“நானா? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல காடி வேணும்னாங்க. நான் மொத, நீ அப்பறம்னு வாசல்லயே சண்ட. நான் சொல்லிட்டேன், பாஸ், ஒன்லி ஒன் வேன், ஒண்ணா ஏறுங்க, ஒண்ணா எறங்குங்க, இல்லாட்டி யாருக்கும் காடி இல்ல லா. ஹலால் பிரச்சின வரக்கூடாதுன்னு சைவக் கடைக்கு விட்டேன். நம்ம பிரிக்பீல்ட்ஸ்தான். எல போட்டதும் சாம்பார் ஓடாம சாப்புட ரெண்டு பேருக்கும் தெரியல. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்துக்கிட்டாங்க. அப்பறம் அந்த நெட்டை திடீர்னு நான் நாலு நம்பர் லாட்டரி எழுதுற பென்சில புடுங்கிட்டாரு.”

நெட்டையர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சாப்பாடு கட்டிக் கொடுக்கிற பழுப்புத் தாள், எண்ணெய் ஊறிப் பளபளத்தது. அதில் ஏழாவது பத்தி புதிதாக இருந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பம்பும் கண்காணிப்பாளரும் ஒரே கப்பலில் ஒன்றாகப் போய் ஒன்றாக இறங்குவார்கள். அடியில் இரண்டு பேரின் கையெழுத்து.

“நாலரைக்கு இது மேசையில் இருக்க வேண்டும்” என்றார்.

பதினெட்டு நிமிடம் இருந்தது. எண்ணெயில் பாதி எழுத்து காணாமல் போயிருந்தது. காமாட்சி தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் காட்டச் சொன்னாள். நான் பிடித்துக்கொண்டேன். அவள் அடித்தாள். அப்படியொரு மழையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நாலு இருபத்தெட்டுக்குப் பதினான்கு பிரதிகளும் மேசையில் இருந்தன. ஐந்து மணிக்குள் ஏழாவது பத்தி ஒருமனதாக நிறைவேறியது.

தஸ்பிக்காரர் எழுந்து, தக்க நேரத்தில் நீண்ட ஓய்வு கொடுத்த ஏற்பாட்டாளர்களின் சமயோசிதத்தை வாயாரப் புகழ்ந்தார். கைதட்டல். எங்கள் பெரியவர் எழுந்து தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்! கதவோரம் நின்ற எனக்குக் கோபம் உச்சிவரை ஏறிவிட்டது. கூட்டம் கலைந்ததும் நேராகத் தஸ்பிக்காரரிடம் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ராகுகாலத்திலிருந்து அச்சுக்கடை வரை கொட்டித் தீர்த்துவிட்டேன். காமாட்சி என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். அவர் நெட்டையரைக் கூப்பிட்டார். நெட்டையர் இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை. நெட்டையர் பேனாவைத் திறந்து, “புதன்கிழமைக்கு எப்போது?” என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை யாரும் வாயைத் திறந்து பேசவில்லை. அது சாப்பாட்டு வேளையாகவும் இருந்தது என்பது வேறு விஷயம். பெரியவர் புதன், வியாழன் இரண்டு நாளும் எங்கள் அறைப்பக்கம் வரவில்லை. காமாட்சியைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, பெட்டியெல்லாம் காரில் ஏறிய பிறகு கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன்.

“நீ செஞ்சது தப்புத்தாம்மா. அதுல மாத்தமில்ல” என்றார். “ஆனா நான் போகச் சொன்ன பிறகும் நீ ஓடிப்போயி ஒக்காரல. எண்ணெய்த் தாள அடிச்சுக் குடுத்த. அந்தக் கைதட்டல நான் வாங்கிருக்கக் கூடாது. மூணு நாளா தூக்கம் இல்ல.”

மேசையில் கடிதம் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஏற்றுக்கொள்கிறேன் என்ற வரிக்குக் கீழே அவள் போட வேண்டிய இடம் மட்டும் காலி.

“இப்பவே போடு. கார் நிக்குது.”

அவள் பேனாவை எடுத்தாள். என் பாழாய்ப்போன கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. பத்து ஐம்பது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு! அவளும் பார்த்துவிட்டாள். பேனா தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. ஆறு வருடமாக ஊரார் நல்ல காரியத்தையெல்லாம் தள்ளித் தள்ளி வைத்த கை அது. காசிவிஸ்வநாதன் காரணம் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். கீழே கார் ஹாரன் அடித்தது.

“பன்னெண்டு வரைக்கும் அவர காத்திருக்கச் சொல்லவா?” என்று அவள் காதில் கேட்டேன்.

“எங்கம்மா ஆறு வருசமா காத்துக்கிட்டு இருக்குதுடி” என்றாள் காமாட்சி, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில். ராகுகாலத்தின் நட்ட நடுவில், தன் முழுப் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.