நடுரோட்டில் திறக்கும் கதவு

போட்டாதாங் பேட்டைக்குப் போகும் எங்கள் பஸ், ஜப்பானில் ஏதோ ஒரு சின்ன ஊரில் ஓடித் தேய்ந்தபின் எங்கள் தலையில் வந்து விழுந்தது. அங்கே வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகும், ரங்கூனில் வலப்பக்கம். அதனால் அதன் இடப்பக்கக் கதவு இங்கே நடுரோட்டில் திறக்கும். மறுபக்கம் ஒரு கதவு வெட்டாத முதலாளியைத் தினமும் மனசுக்குள் திட்டுவேன்.

கண்டக்டர் தமிழ் ஆள். ஒல்லி உடம்பு, வெற்றிலைக் கறை ஏறிய பல், தூக்கிக் கட்டிய லுங்கி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் அவர் குதித்து, லாரிகளுக்கு முன்னால் கையைத் தூக்கி நிற்பார். அப்புறம்தான் நாங்கள் இறங்குவோம். ஓய்ந்த நேரத்தில், பஸ்ஸுக்குள் வலப்பக்கச் சுவரில் ஒட்டியிருந்த அந்த ஜப்பான் ஊர்ப் படத்தைத் துண்டால் துடைப்பார். பனிமலை, ஆறு, பாலம்.

ஒருநாள் அவர் கையைத் தூக்கியும் நிற்காத லாரி ஒன்று என் தோள்பையை உரசிக்கொண்டு போனது. திரும்ப உள்ளே ஏறி, பின்னாலேயே ஏறிய அவரிடம் கத்தினேன்.

"கதவு வெட்டச் சொல்லி முதலாளிகிட்ட கேக்க உங்களுக்கு வாய் இல்லையா?"

"அவரு வெட்டலாம்னுதான் சொன்னாரு தங்கச்சி. நான்தான் வேணாம்னேன். வெட்டினா படம் போயிருமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயர்கூட வாசிக்கத் தெரியாத ஊருக்காக எங்கள் உயிரா? படத்தில் விரலால் குத்திக் காட்டினேன். பாலத்தருகே இதே பச்சை பஸ். நடைபாதையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க, அவங்களுக்குக் கதவு எந்தப் பக்கம்?"

"அதைத்தானே தங்கச்சி தினம் பாக்குறேன்."

அடுத்த நிறுத்தம் வந்தது. கையைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் குதித்தார்.