நூற்றுப் பத்து ராத்தல்

சிவகாமசுந்தரி மலாயாவுக்காக ஜூடோ ஆடிய காலம் மொத்தம் நான்கே வருடம். அதற்கு முன்னால், முதல் தேர்வுப் போட்டியிலேயே மண்ணைக் கவ்வினாள். ஈப்போக்காரி ஒருத்தி அவளைத் தூக்கிப் போட்டதாகத்தான் பதிவுப் புத்தகம் சொல்லும். உண்மையில் அவளைக் கவிழ்த்தது காஜா பேராங்கில் அத்தை வீட்டுத் தெங்கிரி மீன் குழம்பு.

அவள் பிறந்தது சிங்கப்பூரில், செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில். அப்பா மருதமுத்து அங்கே ஃபிட்டர். பெற்றவர்கள் இருவருக்கும் சொந்த ஊர் மலாக்கா. அப்பா காஜா பேராங். அம்மா பாக்கியம் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். அம்மா வேறு சாதி. அதற்காகவே இரண்டு பேரும் தம்பின் ஸ்டேஷனில் ரயிலேறி சிங்கப்பூருக்கு வந்து, ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள்.

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து அப்பாவின் அக்கா ருக்மணி, தம்பியைப் பார்க்க வந்தாள். அம்மா விடிகாலையில் எழுந்து எட்டு வகை சமைத்து இலை போட்டாள். ருக்மணி இலையைப் பார்த்தாள். "எனக்குப் பசியில்லை" என்றாள். கை நனைக்காமலே ஊருக்குத் திரும்பிவிட்டாள். அன்றோடு போக்குவரத்து நின்றது. அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எட்டு வகையையும் ஒன்று விடாமல் சொல்வாள், அழமாட்டாள்.

தளத்து இளைஞர் மன்றத்தில் மிஸ்டர் லிம் ஜூடோ சொல்லிக்கொடுத்தார். சுந்தரி பதினைந்து வயதில் போய்ச் சேர்ந்தாள். ஜப்பான்காரன் வித்தை நமக்கு எதற்கு என்று அப்பா முகத்தைச் சுளித்தார். பொம்பளைப் பிள்ளை கால்சட்டை போட்டுக்கொண்டு உருள்கிறாள் என்று அக்கம்பக்கம் வாய் வலிக்கப் பேசியது. அம்மா மட்டும் கெட்டித் துணி வாங்கி, ஊசி இரண்டு உடைந்தும் விடாமல், ஜூடோ சட்டை தைத்துக் கொடுத்தாள்.

ஐம்பத்தேழில் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது. சிங்கப்பூரில் இன்னும் வெள்ளைக்காரன் கொடிதான். மறு வருடம் மலாயாவுக்குப் பெண்கள் குழு ஒன்று சேர்க்கிறார்கள், தாய் தகப்பன் அங்கே பிறந்திருந்தால் வெளியூர்ப் பெண்களும் வரலாம், மலாக்காவில் தேர்வு என்று மிஸ்டர் லிம் செய்தி கொண்டுவந்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவளைத் துரத்திய ஊரின் பெயரை அவள் மகள் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கப் போகிறாள் அல்லவா? தங்க இடம் வேண்டுமே என்று அப்பா இருபத்திரண்டு வருடம் கழித்து அக்காவுக்குக் கடிதம் போட்டார். "அனுப்பு" என்று ஒற்றைச் சொல்லில் கார்டு வந்தது.

சுந்தரியின் பிரிவு நூற்றுப் பத்து ராத்தலுக்கு உட்பட்டது. அந்த அளவில் மலாயாவிலேயே அவளுக்கு ஈடு இல்லை என்பது மிஸ்டர் லிம்மின் கணக்கு. ஒரு வாரம் அரைவயிறும் கால்வயிறுமாக இருந்து, புறப்படும் காலையில் நூற்றொன்பதே முக்காலில் நின்றாள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு எடை போடுவார்கள். அதுவரை பச்சைத் தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் காஜா பேராங்கில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவளுக்குக் கண் கொஞ்சம் இருட்டிக்கொண்டு வந்தது.

ருக்மணி அத்தை தாட்டியான பெண்பிள்ளை. புருஷன் போன பிறகும் தனியாக வீட்டைக் கட்டி ஆள்கிறவள். சுந்தரியின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படியே எங்க அம்மா மூக்கு" என்றாள். பிறகு கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தாள். இலையில் தெங்கிரி மீன் குழம்பு, நண்டு, கத்தரிக்காய் சம்பால், அப்பளம். பாசாருக்கு இருட்டோடு போய் வாங்கி வந்ததாம்.

சுந்தரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனாலும், "எனக்குப் பசியில்லை அத்தை" என்றாள்.

சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. அத்தையின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"உங்கம்மா சொல்லி அனுப்பிச்சாளா?"

"ஐயோ, இல்ல அத்தை. நாளைக்கு எட்டு மணிக்கு எடை போடுவாங்க. நூத்திப் பத்து ராத்தலுக்கு மேல போனா..."

"எடையா? நீ என்ன பாசார் கோழியா, தூக்கி நிறுக்க?" அத்தையின் குரல் உடைந்தது. "இருபத்திரண்டு வருஷம் வச்சிருந்து மக கையில திருப்பிக் குடுத்துட்டா. குடுக்கட்டும். எனக்கு வேணும்."

சுந்தரி இலையைப் பார்த்தாள். நாளைக்கு அந்தத் தேர்வாளர்கள் முன்னால் நிற்பதற்காகத்தான் ஐந்து வருடம் உருண்டு புரண்டாள். ஆனால் இந்த இலையை விட்டு எழுந்தால் அப்பா சாகும் வரை அக்காவைப் பார்க்க மாட்டார். அம்மா என்றைக்கும் இந்த ஊரில் கால் வைக்க மாட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு கவளம் என்றுதான் நினைத்தாள். ஒரு வாரப் பசி சும்மா விடுமா? மூன்று முறை சோறு வாங்கினாள். அத்தை புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டே பரிமாறினாள்.

காலையில் தராசு நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. மேல் பிரிவில் ஆடு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்றார்கள். ஆடினாள். ஈப்போக்காரி நூற்று நாற்பது ராத்தல். காலரைப் பிடித்து இழுத்ததுதான் தெரியும். அடுத்த கணம் கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அவள் எழுந்தபோது, அத்தை வாசலில் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். போட்டிக்கென்று சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மிஸ்டர் லிம் எல்லார் காதிலும் விழும்படி மலாயில் கத்தினார்: "இரண்டு ராத்தல்! நேற்று என்னத்தைத் தின்றாய்?" அத்தைக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு.

அத்தை அவளை வீட்டுக்கு அழைத்து வந்தாள். படியேறும்போதுதான் கேட்டாள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன் அத்தை. நீங்கதான் கோழின்னு சொல்லிட்டீங்க."

அத்தை சிரிக்கவில்லை. தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "உங்கம்மா அன்னிக்கு என்னென்ன சமைச்சா? உனக்குத் தெரியுமா?"

சுந்தரி எட்டையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அத்தை கடைசியில், "எனக்கு அன்னிக்கு நல்ல பசி" என்றாள். வெட்கத்தில் அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

அதன் பிறகு சுந்தரி சிங்கப்பூருக்குத் திரும்பவில்லை. அத்தை வீட்டிலேயே தங்கி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் மரத்தூள் பரப்பிக் கித்தான் விரித்த ஒரு கொட்டகையில் பயிற்சி எடுத்தாள். அத்தை சமையலைத் தின்றுகொண்டு நூற்றுப் பத்துக்குள் இருப்பது நடக்கிற காரியமா? மேல் பிரிவையே தன் பிரிவாக்கிக்கொண்டாள். கனத்தவர்களைத் தூக்கப் பார்க்காமல், கீழே இழுத்துப் படுக்கப் போட்டு அமுக்கிப் பிடிக்கப் பழகினாள். இரண்டு வருடம் அத்தை அம்மாவைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் பெயர் சொன்னதில்லை. "உங்கம்மா" என்பாள், அல்லது "அவ" என்பாள்.

அறுபதில் அவளைக் குழுவில் எடுத்தார்கள். முதல் போட்டியே சிங்கப்பூரோடு, சிங்கப்பூரில். சட்டையில் மலாயாவின் சின்னத்தைத் தைத்துக் கொடுத்ததும் அத்தைதான்.

"நானும் வரேன்" என்றாள்.

"ஆட்டம் பாக்கவா அத்தை?"

"ஆட்டத்தை நீ பாத்துக்க. எனக்குச் செம்பவாங்ல வேலை இருக்கு."

போட்டியன்று சுந்தரி, மிஸ்டர் லிம்மிடம் தன்னோடு கூடப் பழகிய பெண்ணையே முப்பது விநாடி தரையோடு பிடித்து வென்றாள். முதலில் மனசு சங்கடப்பட்டது. பிறகு சின்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பதக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்துக் குடியிருப்புக்கு ஓடினாள்.

அம்மா வாசலிலேயே மறித்தாள். கையெல்லாம் மஞ்சளும் மிளகாயும்.

"ஜெயிச்சுட்டேம்மா."

"இரு, இரு, மொதல்ல இதைக் கேளு." அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடமும் கதை சொல்லும்போது அழாதவள், இப்போது அழுதாள். "எட்டு வகையும் வச்சேன். ரசத்துக்கு ரெண்டாவது தடவை சோறு கேட்டு வாங்குனாங்கடி!"

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

"புள்ள வந்துட்டாளா? அவளுக்கும் ஒரு இலை போடு, பாக்கியம்."